கற்கண்டோடு போன தந்தி

தம்பிகளே, உங்களுக்கெல்லாம் ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும் என்று கேள்விப்பட்டேன். மலாய் தண்ணீர் பட்ட பாடு என்கிறார்கள். சந்தோஷம். அப்படியானால் துபாஷி வேலைக்கு வேண்டியதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடி உங்கள் மேல் படாமல் அடுத்தவன் மேல் பட்டபோதே தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. இந்தக் கதையில் அடி வாங்கியது நான் இல்லை. அதனால்தான் இவ்வளவு உற்சாகமாகச் சொல்கிறேன்.

கோர்ட்டில் சில வருஷம் குப்பை கொட்டிய பிறகு என்னை ஒரு சிறைக்கு மாற்றினார்கள். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே பட்டறைக்குப் பின்னால். பட்டறைச் சங்கு ஊதினால் எழுந்து வேலைக்குப் போவேன். அங்கே என் வேலை தமிழ்க் கைதிகளின் கடிதங்களைப் படிப்பது. உள்ளே வருவதையும் படிக்க வேண்டும், வெளியே போவதையும் படிக்க வேண்டும். எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டும். தப்பான சங்கதி ஒன்றும் இல்லை என்று துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுக் கையெழுத்து வைத்து மேலே அனுப்ப வேண்டும்.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரு மூத்த துபாஷி இருந்தார். வெற்றிலை போடாமல் பேச மாட்டார், போட்டுக்கொண்டால் பேசவே மாட்டார். முதல் நாள் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கைதி கடுதாசியைப் படிக்கிறப்ப நீ அவன் பெண்டாட்டி இல்லேன்னு ஞாபகம் வெச்சுக்க. அழப்படாது. அவன் பங்காளியும் இல்லேன்னு ஞாபகம் வெச்சுக்க. சிரிக்கப்படாது. அவ்வளவுதான்யா வேலை."

அழுகைகூட அடங்கும், சிரிப்புத்தான் அடங்காது. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. அந்த ஒன்றையும் ஒருவன் பக்கத்து வீட்டுத் தென்னை மரம் தன் கூரை மேல் சாய்ந்திருப்பதைத் திட்டுவதற்கே செலவழிப்பான். பெண்டாட்டி பிள்ளை எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. கடைசியில் இடம் இல்லாமல் போய், 'மற்றவை நேரில்' என்று முடிப்பான். நேரில் பார்ப்பதற்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கும்.

இப்படி இருக்கையில், புதிதாக வந்த துரை ஓர் உத்தரவு போட்டார். வேறெங்கோ ஒரு சிறையில், படித்துப் பார்த்து அனுப்பிய கடிதத்தை வழியில் யாரோ பிரித்து உள்ளே துண்டுச் சீட்டு வைத்துவிட்டார்களாம். அதனால் இனிமேல் மடித்து ஒட்டிய கடிதத்தின் நான்கு மூலையிலும் ஒட்டின் மேல் கறுப்பு மை தடவ வேண்டும். பிரித்தால் மை கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். யோசனை நல்ல யோசனைதான். இந்த மை வைக்கும் வேலை மாடியில், வேறொரு குமாஸ்தாவின் மேஜையில் நடந்தது. அவர் தமிழர் இல்லை. நான் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் என் சோலி முடிந்தது. ஒட்டின் மேல் ஏதோ மை வைக்கிறார்கள் என்று காதில் விழுந்ததோடு சரி; என்ன நிறம், எந்த இடம் என்று அப்போது எனக்குத் தெரிய வழி இல்லை.

நல்ல சேதிக்கு மூலையில் மஞ்சள், சாவுச் சேதிக்கு மூலையில் கறுப்பு. நம்மில் எழுத்தறியாத கிழவிகூட இதைப் பத்தடி தூரத்திலிருந்தே படித்துவிடுவாள். துரைக்கு அது எங்கே தெரியும்?

அந்த உத்தரவுக்குப் பிறகு ஊருக்குப் போன முதல் கப்பலில் நம் சிறையிலிருந்து மூன்று தமிழ்க் கடிதங்கள் போயின. இரண்டு வீடுகளில் அலறிப் புடைத்துக்கொண்டு பிரித்துப் படித்து, நலம் என்று கண்டதும் எழுதியவனை வாயார வைது தீர்த்தார்கள். அதோடு சரி. மூன்றாவது கடிதம் காத்தமுத்துவினுடையது. அது தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துக்குப் போனது. போய்ச் சேர்ந்த அன்று அந்த வீட்டில் அவன் தங்கை கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

காத்தமுத்துவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் மாட்டு வண்டி ஓட்டியவன். ஸ்டேஷனுக்குச் சரக்கு ஏற்றி வருவான். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் கள்ளுக்கடையில் வாய் போதாமல் கையும் நீண்டது. ஒருவன் மண்டை உடைந்தது. இரண்டு வருஷம் போட்டுவிட்டார்கள். உள்ளே வந்தும் வாய் குறையவில்லை. ஊரிலிருந்து பதில் வரவில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கி எடுப்பான். "கல்யாணத்துல எம்பேரைச் சொல்லி ஒரு இலை போட்டாங்களான்னுகூட எழுத மாட்டேங்கறாங்களே, கிராணி ஐயா" என்பான். குமாஸ்தாவைக் கிராணி என்றுதானே நம் ஜனங்கள் கூப்பிடுவார்கள். கல்யாண அலுப்பில் மறந்திருப்பார்கள் என்று நானும் சமாதானம் சொல்லி வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வாசல் காவல்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜவுளி மூட்டையோடு ஒரு மரைக்காயர் நின்றுகொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகச் சேலை விற்பவர். எனக்கும் பழக்கம்தான். ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் கப்பல் இறங்கியிருந்தார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"கிராணியாரே, ஒரு மவுத்து விஷயமா வந்திருக்கேன்."

"யாருக்கு, மரைக்காயரே?"

"காத்தமுத்துன்னு எங்க ஊர்ப் புள்ள. கிள்ளான்ல வண்டி ஓட்டினது. இங்கனதான் உள்ள இருந்துச்சாம். என்னிக்கு மவுத்தாச்சுன்னு நாள் கேட்டு எழுதச் சொன்னாங்க. வருசா வருசம் திதி கொடுக்கணும்ல. அவன் உடுப்பு கிடுப்பு இருந்தாலும் வாங்கி வைக்கச் சொன்னாங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று காலையில்தான் காத்தமுத்து கஞ்சியில் உப்பு இல்லை என்று சமையல்காரனோடு மல்லுக்கு நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன்.

"செத்தவன் உப்புக் கேட்டுச் சண்டை போடுவானா, மரைக்காயரே? வாங்க, நீங்களே வந்து அவன்கிட்ட நாள் கேட்டுக்குங்க" என்று காவலரிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காத்தமுத்துவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர்க்காரரைப் பார்த்ததும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. "வாங்க மரைக்காயரே! தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சா? ஒரு வார்த்தை எழுதலியே, பாவிங்க!" என்றான். மரைக்காயர் "யா அல்லாஹ்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"ஆமாப்பா."

"யாரு?"

"நீதான்."

காவலுக்கு நின்றவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் காத்தமுத்துதான். "பெரியப்பா அழுதாரா? நல்லா அழுதாரா? பங்காளிங்க யார் யாரு வந்தாங்க?" என்று சாவு வீட்டு விசேஷத்தையெல்லாம் விசாரித்தான். மரைக்காயர் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

கறுப்பு மூலையோடு வந்த கடிதத்தைத் தபால்காரர் காத்தமுத்துவின் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, மற்ற நாளைப்போல உட்கார்ந்து படித்துக் காட்டாமல் தலையைக் குனிந்தபடி போய்விட்டார். பெரியப்பா பிரிக்கவில்லை. சாவுச் சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. பந்தக்கால் நட்ட வீட்டில் தீட்டு விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும். நின்ற பெண்ணை யார் கட்டுவான்? அதனால் படிக்காமலே கிழித்து வாய்க்காலில் விட்டுவிட்டார். கல்யாணம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்ணை அனுப்பி வைத்த பிறகுதான் வாய்விட்டு அழுதார். அக்கரையில் இருப்பவன் ஒரே ஒருவன். கறுப்பு மூலை வேறு யாருக்காக வரும்? அவர் செய்ததில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"செத்த நாள் தெரியாததால வர்ற அமாவாசைக்குக் காரியம் வெச்சிருக்காங்க" என்றார் மரைக்காயர். "அன்னிக்கே குளத்தாங்கரையில அந்தப் புள்ளைக்குத் தாலியும் வாங்கிருவாங்க."

காத்தமுத்துவின் சிரிப்பு நின்றது. அந்தப் பிள்ளை என்றால் அவன் பெண்டாட்டி அஞ்சலை.

"அமாவாசை என்னிக்கு, கிராணி ஐயா?"

"நாளை மறுநாள்."

கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "கல்யாணம் ஆயி நாலாம் மாசம் கப்பலேறிட்டேன்யா. அந்தத் தாலியத் தவிர நான் அவளுக்கு ஒண்ணும் செய்யல. உசுரோட இருக்கறப்பவே அதையும் என் பேரைச் சொல்லிப் புடுங்கிட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுய்யா ஊருக்குப் போவேன்?"

 ஒரு தரம் இறக்கிய தாலியை, 'மன்னிக்கவும், ஆள் இருக்கிறான்' என்று மறுபடி கட்டிவிட முடியுமா? கட்டினாலும் ஊர் வாயை எதைக் கொண்டு அடைப்பது? அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த நல்ல காரியத்தில் முன்னால் நிற்க முடியும்? கப்பலில் கடிதம் போட்டால் அமாவாசை போய் அடுத்த பௌர்ணமிக்குப் போய்ச் சேரும். ஒரே வழி தந்திதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள், தம்பிகளே. நான் மாடிக்கு ஓடியபோது வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். யார் கொடுத்த யோசனை இந்த மை, நம் ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றெல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். படி ஏறி முடிப்பதற்குள் அத்தனையையும் விழுங்கிவிட்டேன். வீடு பற்றி எரியும்போது நெருப்பு வைத்தவன் யார் என்று பஞ்சாயத்து வைத்தால் கூரை மிஞ்சாது. துரை நல்ல மனுஷர்தான். ஆனால் குற்றம் உன்னுடையது என்றால் எந்த மேலதிகாரியும் முதலில் கதவைத்தான் சாத்துவார். அதனால் மை என்றேன், ஊர் வழக்கம் என்றேன், ஒரு பெண் என்றேன். உங்கள் உத்தரவு என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. அவருக்கே புரிந்து முகம் சிவந்தது. "உடனே அந்த வீட்டுக்குத் தந்தி அடியுங்கள், மகன் உயிரோடு இருக்கிறான் என்று" என்றார்.

"வீட்டுக்கு வேண்டாம், ஐயா."

"ஏன்?"

"அந்தக் கிராமத்துக்குத் தந்தி என்று ஒன்று வந்தால் சாவுக்குத்தான் வரும். தபால்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் திரும்பினாலே ஒப்பாரி தொடங்கிவிடும். பிரிக்க மாட்டார்கள். ஏற்கெனவே தெரிந்த சாவுதானே என்று ஓரமாக வைத்துவிட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் யாருக்குத்தான் அடிப்பது?"

அதைத்தான் நான் படி ஏறும்போது யோசித்தேன். பக்கத்து ஊர்ப் போஸ்ட் மாஸ்டருக்கு அடிப்போம் என்றேன். அந்த வீட்டில் அவருக்கு யாரும் சொந்தம் இல்லை. தந்தியைப் பார்த்து அவர் பயப்பட மாட்டார். தினமும் பார்க்கிறவர். வாசகத்தையும் எழுதிக் காட்டினேன். காத்தமுத்து உயிரோடு சௌக்கியம், மூலையில் இருந்தது சிறை மை, கற்கண்டு வாங்கிக் கொடுத்துத் தபால்காரரை உடனே அனுப்பவும். இவ்வளவுதான்.

துரை கற்கண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "சர்க்கார் தந்தியில் மிட்டாய் எதற்கு?"

"ஐயா, அந்த வீட்டில் யாரும் எதையும் படிக்கப் போவதில்லை. கையில் கற்கண்டோடு வருகிறவன் சாவு சொல்ல வரமாட்டான் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தந்தியே கற்கண்டுதான். மற்றதெல்லாம் போஸ்ட் மாஸ்டருக்காக."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, இல்லை அந்த ஊருக்கே பிடித்துவிட்டதா என்று யோசித்திருப்பார். பிறகு வட்டத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தந்தி ஆபீசில் இருந்த நம்மவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கடத்தல் சரக்கா அண்ணே?" என்று கேட்டார். அவருக்குக் கதை சொல்ல எனக்கு நேரம் இல்லை.

போன தந்திக்குப் பதில் வரவில்லை. போஸ்ட் மாஸ்டர் தன் கைக்காசைச் செலவழித்து நமக்கு ஏன் தந்தி அடிக்கிறார்? அமாவாசையன்று காத்தமுத்து கஞ்சியைத் தொடவில்லை. "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "இன்னிக்கு எனக்குக் காரியமாச்சே, ஐயா. வீட்டு ஆளுங்க விரதம் இருக்கறப்ப நான் மட்டும் எப்படித் திங்கறது?" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்று வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் நாங்கள் இருவரும் கப்பல் செய்தியே பேசினோம். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்பது கப்பல் கம்பெனிக்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதற்கிடையில் துரையிடம் தனியாகப் போய், சாவகாசமாக மையைப் பற்றிப் பேசினேன். கறுப்பு போய்ப் பின்பக்கம் ஊதா முத்திரை வந்தது. நெருப்பு அணைந்த பிறகு பஞ்சாயத்து வைப்பதில் தப்பே இல்லை.

கடைசியில் ஒரு தபால் பையில் அந்தக் கடிதம் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். பூசியது போதாது என்று நடுவிலும் ஒரு விரல் அளவு இழுத்திருந்தார்கள். பிரிப்பதற்கு முன்பே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்த துபாஷி வெற்றிலையை மென்றுகொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காத்தமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. அவன் எதிரில் உட்கார்ந்து நான்தான் படித்தேன். அஞ்சலை சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதியது.

'குளக்கரையில் என்னைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். தபால்காரர் வரப்பு மேல் ஓடி வந்து, யார் என்ன என்று கேட்பதற்குள் பெரிய மாமா வாயில் கற்கண்டைப் போட்டார். காரியத்துக்கு விரதம் இருந்தவர், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே நின்று அழுதார். தாலி என் கழுத்தில் இருக்கிறது.'

காத்தமுத்து "ஆத்தா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் நிறுத்தினேன். "படிங்கய்யா, படிங்க" என்றான்.

'அந்தக் கறுப்பு மூலைக் கடுதாசி வந்தபோது வாசலில் நின்றது நான்தான். மூலையைப் பார்த்தேன். பந்தலில் கட்ட வேண்டிய மாவிலை கையில் இருந்தது. நான் இதைப் பார்க்கவில்லை, பெரிய மாமாவிடம் கொடுங்கள் என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு, போய் மாவிலையைக் கட்டினேன். உங்கள் தங்கைக்கு நலங்கு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு வைத்தேன். எனக்குத் தெரியாது என்று நினைத்துப் பெரிய மாமா என் முன்னால் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் சிரித்தேன். கல்யாணம் முடிந்து அவர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசிற்று.'

தம்பிகளே, எத்தனையோ கொலை வழக்கை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தப் பத்தியை மட்டும் விட்டு விட்டுத்தான் படித்தேன். எங்கே இருந்து அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தைரியம் வந்தது என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசியில் இரண்டு வரி இருந்தது.

'இனிமேல் நீங்கள் கடுதாசி போட வேண்டாம். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே என் கண் மூலையைத்தான் தேடுகிறது. நீங்களே வந்து சேருங்கள்.'

  காத்தமுத்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரிங்கய்யா. அவ சொன்னபடியே செஞ்சிருவோம். இனிமே எழுத மாட்டேன்னு அவளுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க."

போட்டேன். மூன்று மாதம் கழித்து, இந்தத் தவணையும் எழுதவில்லை என்று இன்னொன்று போடச் சொன்னான். அதையும் போட்டேன். அவளும், உங்கள் கடுதாசி எதுவும் வரவில்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்று பதில் போட்டாள். அவன் விடுதலையாகிக் கப்பல் ஏறுகிறவரை இரண்டு பேரும் ஒரு தவணைகூடத் தவறவில்லை.